வந்தாரை வாழவைப்பது லாபமா, நட்டமா?

நார்த்தாமலை முதல் இன்றைய கடைவீதி வரை ஒரு பற்று வரவுக் கணக்கு



அண்மைக் காலமாகச் சங்கக் கூட்டங்களிலும், கடை கட்டும் நேரத்துப் பேச்சுகளிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. "வெளி மாநிலத்தார் இப்படி வந்துகொண்டே இருந்தால் நம் பிள்ளைகளுக்கு வேலை எங்கே? அகதி முகாம்களுக்கு அரசு மாதாமாதம் பணம் கொடுக்கிறதே, அது யார் கட்டிய வரி?" என்று நம் உறுப்பினர்கள் கேட்கிறார்கள். ஒரு சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், வெளி மாநிலத்தாருக்குக் கடை வாடகைக்கு விடுவதில்லை என்று சங்கமே முடிவு செய்ய வேண்டும் என்கிறார்கள்.

கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குக் கல்லாவைப் பூட்டுகிறவருக்கு நாளைய பிழைப்பைப் பற்றிக் கவலை இருக்கத்தான் செய்யும். ஆனால் வியாபாரி எதையும் பேச்சைக் கேட்டு முடிவு செய்வதில்லை. பேரேட்டைப் புரட்டித்தான் முடிவு செய்வார். இந்த விஷயத்திலும் பற்று எது, வரவு எது என்று எழுதிப் பார்ப்போம்.

மலையடியில் இருந்த பன்னாட்டுச் சந்தை

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி செல்லும் வழியில் சுமார் 17 கிலோமீட்டரில் நார்த்தாமலை. பங்குனித் திருவிழாவுக்கு முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகாத வியாபாரி நம்மில் குறைவு. மேலமலையில் விஜயாலய சோழீச்சரத்தையும், அதற்கு எதிரே பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கும் குடைவரையையும் பார்த்திருப்போம். நகரத்தார் மலை என்பதே மருவி நார்த்தாமலை ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். நகரம் என்றால் அந்தக் காலத்தில் வணிகர் சபை. அதாவது, இது நம்மவர் மலை.

சோழர் காலத்தில் இவ்வூர் 'நானாதேசி திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்ற பெரும் வணிகக் குழுவின் முக்கிய இருப்பிடமாக இருந்தது. பெயரைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். நானாதேசி என்றால் பல தேசத்தவர். ஆயிரம் திசைக்கும் போகிறவர்கள். இந்த ஐந்நூற்றுவர் தங்கள் தாயகமாகச் சொல்லிக்கொண்டது கர்நாடகத்து ஐஹொளெ ஊரை. ஆக, நார்த்தாமலையைப் பெரிய வியாபாரத் தலமாக்கிய அமைப்பே வெளியூரில் தோன்றி வந்த அமைப்பு. கன்னடம் பேசியவரும் தெலுங்கு பேசியவரும் தமிழ் பேசியவரும் மலைநாட்டாரும் அதில் இருந்தார்கள்.

இவர்கள் போன இடங்களிலெல்லாம் தடயம் வைத்திருக்கிறார்கள். சுமத்ராத் தீவின் பரூசு பகுதியில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவரின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. கப்பலில் வருகிறவர்கள் கஸ்தூரி விலையைக் கணக்கிட்டு அதற்கேற்பப் பொன் செலுத்த வேண்டும் என்ற விதி அதில் இருக்கிறது. பர்மாவின் பகான் நகரில் 13-ஆம் நூற்றாண்டில் நானாதேசி விண்ணகரம் என்று ஒரு பெருமாள் கோயில் இருந்தது; அதற்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்தவர் மலைநாட்டிலிருந்து போனவர். சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-இல் தமிழிலும் சீனத்திலும் பொறித்த கல்வெட்டு, குப்லாய் கான் ஆண்ட காலத்தில் அங்கே ஒரு சிவன் கோயில் எழுந்ததைச் சொல்கிறது. அந்த நாடுகளின் மன்னர்கள் 'அந்நியருக்கு இடமில்லை' என்று கதவை அடைத்திருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திருக்காது.

அவர்கள் கதவைச் சும்மாவும் திறந்துவிடவில்லை. 849-ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேட்டைப் பாருங்கள். வேணாட்டு அய்யனடிகள் அங்கே இருந்த கிறிஸ்துவத் தேவாலயத்துக்கு நிலமும் உரிமைகளும் கொடுக்கிறார். அவற்றைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. சாட்சிக் கையெழுத்துகள் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் உள்ளன. வந்தவருக்கு உரிமை உண்டு. அதே பட்டயத்தில் பொறுப்பும் உண்டு. பரூசில் பொன் செலுத்தச் சொன்ன விதியும் இந்த வகைதான். நூற்றாண்டுகளாக வணிகர்கள் கடைப்பிடித்து வந்த முறை இது.

நாம் அந்நியராய் நின்ற காலம்

பழங்கதை போதும், நேற்றைய கதையைச் சொல்லுங்கள் என்றால் அதுவும் நம் வீட்டிலேயே இருக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை. புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் காரைக்குடிப் பக்கமிருந்தும் போன நம்மவர்கள் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-இல் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலமே செட்டியார்கள் வசம் இருந்தது. 1938-க்குள் அது சுமார் 25 சதவீதமாயிற்று. நம்மவர் பேரேட்டில் எல்லாம் முறையாகத்தான் இருந்தது. ஆனால் பர்மா விவசாயியின் கண்ணுக்கு, தன் பாட்டன் உழுத வயலைக் கடல் கடந்து வந்தவன் எழுதி வாங்கிக்கொண்டான் என்றுதான் பட்டது. 1930-இலும் 1938-இலும் இந்தியருக்கு எதிராக ரங்கூனில் கலவரங்கள் நடந்தன.

அதன் பிறகு நடந்தது நமக்குத் தெரிந்ததே. 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் கால்நடையாகத் திரும்பினார்கள். வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். 1964 மார்ச்சில் ஜெனரல் நே வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. காலையில் முதலாளியாக இருந்தவர் மாலையில் கையில் ஒரு பெட்டியோடு கப்பல் துறையில் நின்றார்.

அந்தக் கப்பல்கள் சென்னையில் வந்து நின்றபோது நாம் என்ன செய்தோம்? இடம் கொடுத்தோம். ஊருக்கு ஊர் பர்மா காலனிகள் உருவாயின. சென்னையில் பர்மா பஜார் உருவாயிற்று. நடைபாதையில் துணி விரித்து வியாபாரம் தொடங்கிய அந்த அகதிகள்தான் பிறகு வெளிநாட்டுச் சாமான் என்றாலே நினைவுக்கு வரும் கடைவீதியை உண்டாக்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த அத்தோவை இன்று சென்னைக்காரர்கள் வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள்.

பர்மா கதை இரு பக்கத்துக்கும் பாடம். வந்தவர் உள்ளூர்க்காரரின் நல்லெண்ணத்தைச் சம்பாதிக்காவிட்டால் பேரேட்டு லாபம் நிலைக்காது. உள்ளூர்க்காரர் வந்தவரைத் துரத்திவிட்டால் கடைவீதியும் செழிக்காது. உகாண்டாவில் 1972-இல் இடி அமீன் ஆசிய வணிகர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னார். அவர்களுடைய கடைகள் படைவீரர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் பங்கு போடப்பட்டன. கொள்முதல் தெரியாதவர் கையில் கடை போனால் என்ன ஆகும்? சர்க்கரையும் உப்பும் கிடைக்காமல் மக்கள் தவித்தார்கள். பிற்காலத்தில் அந்த நாட்டு அரசே பழைய வணிகர்களைத் திரும்ப வரும்படி அழைத்தது.

முகாம்களுக்குப் போகும் பணம்

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு, அழியாநிலை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 'மாநிலமெங்கும் இப்படி எத்தனை பேர், எவ்வளவு செலவு' என்று கேட்பவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்கு இது: 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர். அப்போது 29 மாவட்டங்களில் 108 முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். வெளியே காவல் நிலையப் பதிவோடு வாழ்ந்தவர்கள் 34,087 பேர். அந்த ஆண்டு சுமார் 317 கோடி ரூபாய்க்கு நலத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. அதில் பெரும் பகுதி 7,469 இடிந்த வீடுகளைக் கட்டித்தர. அகதிகள் முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது.

மாத உதவித் தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 500 என்று அப்போது உயர்த்தப்பட்டது. கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் என்றால் மாதம் 3,500 ரூபாய். இந்தப் பணம் எங்கே போகிறது? சிங்கப்பூர் வங்கிக்கா? முகாம் வாசலிலிருந்து பக்கத்து மளிகைக் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் பால்காரருக்கும்தான் போகிறது. மாதம் பிறந்து பத்து நாளில் அது நம் கல்லாவுக்கு வந்து, நம் மூலமாக மொத்த வியாபாரிக்குப் போய்விடுகிறது. அந்தத் தொகையில் ஒரு குடும்பம் ஒரு மாதம் வாழ முடியாது என்பதும் நமக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் பெயிண்ட் அடிக்கவும், கட்டட வேலைக்கும், தோட்ட வேலைக்கும் போகிறார்கள்.

இவர்களில் பலர் உண்மையில் யார்? நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க முடிவாயிற்று. மீதமிருந்த 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாக 1974-இல் பிரித்தார்கள். சரக்கு மூட்டையைப் பங்கு பிரிப்பது போல மனிதர்களைப் பிரித்தார்கள் என்றால் மிகையல்ல.

அப்படித் தாயகம் திரும்பியவர்கள் பலருக்கு அரசு சிறு வியாபாரக் கடன் கொடுத்தது. வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவரிடம் பணத்தைக் கொடுத்து 'கடை வையுங்கள்' என்றால் எப்படி நடக்கும்? பலருடைய கடைகள் நிலைக்கவில்லை. வியாபாரத்துக்கு முதல் மட்டும் போதாது. கொள்முதலும், கடன் கொடுக்கத் தெரிவதும், தூக்கிவிட ஒரு கை ஆளும் வேண்டும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? அந்த மக்களுக்கு அன்று சங்கங்களின் கை கிடைத்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

இன்று முகாமில் இருப்போரின் நிலை இன்னும் சிக்கலானது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன். அதன் பிறகு விதி இறுகியது. 2004 டிசம்பருக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவர் முறையான ஆவணமின்றி வந்தவர் என்றாலே கதவு அடைபட்டது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு கிடைத்தது, குடியுரிமை கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக ஒரு மனிதரை உதவித் தொகை வாங்குபவராகவே வைத்திருப்பது யாருக்கு லாபம்? முழு உரிமையோடு தொழில் செய்து வரி கட்டும் ஆளாக அவரை ஆக்குவதுதானே நல்ல வரவு?

வடக்கிலிருந்து வருகிறவர்கள்

அடுத்தது வட மாநிலத் தொழிலாளர். கட்டடத்திலும், ஓட்டல் சமையற்கட்டிலும், குடோனில் மூட்டை இறக்குவதிலும் இன்று அவர்களைப் பார்க்கிறோம். உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சில கட்சிகள் கேட்கின்றன. வேலையில் உள்ளூர்க்காரருக்கு 75 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்ற குரலும் பல மாநிலங்களில் எழுந்தது. ஹரியானா அப்படி ஒரு சட்டமே போட்டது. 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்தியக் குடிமகன் நாட்டில் எங்கும் போகலாம், தங்கலாம், தொழில் செய்யலாம் என்று அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. சூரத்திலும் மும்பையிலும் பெங்களூரிலும் நம்மவர் கடை நடத்துவது இதே பிரிவின் பலத்தில்தான்.

2023 மார்ச் மாதத்தை மறக்க முடியாது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் செல்போன் வழியே பரவின. ஹோலிப் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்களின் கூட்டத்தைக்கூட, பயந்து ஓடும் கூட்டம் என்று காட்டினார்கள். பீகார் அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து நேரில் விசாரித்தது. வதந்தி பரப்பியவர்கள் மீது வழக்குகள் போடப்பட்டன. அந்தச் சில நாட்களில் திருப்பூர் பனியன் முதலாளிகள் பட்ட கவலையைக் கேட்டால் தெரியும், ஆள் வராவிட்டால் ஆர்டர் என்ன ஆகும் என்று.

'அவர்கள் நம் ரேஷனைத் தின்கிறார்கள்' என்பது இன்னொரு புகார். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. பீகார்க்காரர் இங்கே கைரேகை வைத்து வாங்குவது, மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவருடைய கார்டுக்கு உரிய தானியம். இங்கே வாங்கினால் அங்கே வாங்க முடியாது. நம் கார்டுக்கு உரிய அரிசியில் ஒரு குண்டுமணி குறைவதில்லை.

வரிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஜி.எஸ்.டி. என்பது சரக்கு எங்கே விற்றுச் செலவாகிறதோ அந்த மாநிலத்துக்குப் பங்கு தரும் வரி. ஒரிசாக்காரர் கீரனூரில் 10,000 ரூபாய் மதிப்புள்ள செல்போன் வாங்கினால் 18 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் வரி. அதில் 900 மத்திய அரசுக்கு, 900 தமிழ்நாட்டுக்கு. ஒரிசாவுக்கு ஒரு காசும் இல்லை. சோப்பு, பிஸ்கட், தலைக்கு எண்ணெய் என்று அவர் வாங்கும் ஒவ்வொன்றிலும் நம் மாநிலத்துக்குப் பங்கு சேர்கிறது. படிக்கவைத்து வளர்த்த செலவு அந்த மாநிலத்துக்கு. உழைப்பும் வரியும் நமக்கு.

'சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்களே' என்பார்கள். உண்மைதான். ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த பணத்தில் எழும்பிய வீடுகள் நிறைந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் குற்றமாகச் சொல்ல நமக்கு வாய் வருமா?

நியாயமான குறைகள்

எல்லாம் வரவு, பற்றே இல்லை என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. நம் உறுப்பினர்கள் சொல்லும் குறைகளில் நியாயமானவை உண்டு.

காண்டிராக்டர் குறைந்த கூலிக்கு ஆள் கொண்டுவந்தால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலி அடிபடுகிறது. இது உண்மை. ஆனால் குறைத்துக் கொடுப்பது யார்? வருகிறவர் அல்லர், வேலை கொடுப்பவர். வெளி மாநிலத் தொழிலாளருக்கென 1979-இல் வந்த சட்டமே, ஒரே வேலைக்கு உள்ளூராருக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று சொன்னது. அச்சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்துள்ளன. கூலியைச் சமமாக்கினால் மலிவுக்காக ஆள் மாற்றும் பழக்கம் தானே நிற்கும்.

பில் போடாமல், உரிமம் இல்லாமல், வேனில் சரக்கைக் கொண்டுவந்து சாலையோரம் விற்றுவிட்டுப் போகிறவர்களால் வாடகையும் வரியும் கட்டும் கடைக்காரர் நட்டப்படுகிறார். இதுவும் உண்மை. ஆனால் அங்கே தப்பு பில் இல்லாதது, மொழி அல்ல. பில் இல்லாமல் விற்பவர் ராஜஸ்தான்காரரானாலும் நம் பக்கத்துத் தெருக்காரரானாலும் தப்பு ஒன்றே. நாம் புகார் கொடுத்தால் சரக்கைப் பற்றிக் கொடுப்போம், ஆளின் சாதியையும் ஊரையும் பற்றி அல்ல.

நாம் செய்ய வேண்டியவை

வெளி மாநிலத்தாருக்குக் கடை கொடுக்கக் கூடாது என்ற யோசனை சட்டத்துக்கும் ஒவ்வாது, நம் தொழிலுக்கும் ஒவ்வாது என்பதே நமது கருத்து. அதற்குப் பதிலாக உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. யார் வந்தாலும் ஒரே விலை, ஒரே எடை. மொழி தெரியாதவரிடம் நாலு ரூபாய் கூட வாங்குவது கடைவீதியின் பெயரையே கெடுக்கும்.

2. வேலைக்கு வைக்கும் வெளியூர் ஆட்களின் பெயர், ஊர், கூலி ஆகியவற்றை முறையாகப் பதிவேட்டில் எழுதுங்கள். ஆதார் அட்டையின் நகல் போதும். அசலை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள்.

3. வெளியிலிருந்து வந்து முறையாகக் கடை நடத்துகிறவரைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். சந்தா கட்டட்டும், கடையடைப்பில் கலந்துகொள்ளட்டும், விதிக்கும் கட்டுப்படட்டும். வெளியே நிறுத்தினால்தான் அவர் தனி வழி போவார்.

4. முகாம் குடும்பங்களில் தையல், சிற்றுண்டி, பெயிண்ட் வேலை தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். மொத்த வியாபாரிகள் அவர்களுக்குச் சரக்கு கொடுத்துப் பழக்குங்கள். கடன் கொடுப்பதைவிடக் கொள்முதல் சொல்லிக்கொடுப்பது பெரிய உதவி.

5. செல்போனில் வரும் வதந்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்தில் கேளுங்கள்.

நார்த்தாமலையில் இருந்த நம் முன்னோர் தங்களை நானாதேசிகள் என்று பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். போன இடத்தில் நமக்கு என்ன மரியாதை கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தோமோ, அதை நம் கடை வாசலுக்கு வருகிறவருக்குக் கொடுப்பதில் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை. அடுத்த கூட்டத்தில் இந்த யோசனை விவாதத்துக்கு வரும்போது, உறுப்பினர்கள் தங்கள் கடைப் பேரேட்டையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு வந்து பேச வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம்.